வாளைத் தேய்க்காதீர்கள், ஐயா!

பழைய வாளுக்கு எதிரிகள் மூன்று. ஒன்று துரு. இரண்டு ஈரம். மூன்றாவது எதிரி இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் ஆள்: கையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கும் நல்ல மனிதர். துரு நூறு வருடமாக முயன்றும் முடிக்காத வேலையை இவர் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடித்துவிடுவார். அப்புறம் அந்த வாள் "சூப்பர் கண்டிஷன் சார்" என்ற அடைமொழியோடு கண்ணாடி அலமாரிக்குப் போய்ச் சேரும். வாங்குகிறவரும் அதில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்.

முகம் பார்க்கத்தான் என்றால் கண்ணாடி வாங்கியிருக்கலாமே? விலையும் குறைவு!

நீலகிரிக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சமவெளியில் பழைய பிரிட்டிஷ் வாள் என்பது மியூசியத்துச் சமாச்சாரம். மலையில் அப்படி இல்லை. வெலிங்டனில் 1850களிலிருந்து ராணுவம் இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலை எஸ்டேட்களில் துரைமார்கள் பரம்பரையாக இருந்திருக்கிறார்கள். கணப்பு அடுப்புக்கு மேலே ஒரு மான் கொம்பு, அதற்குக் கீழே ஒரு வாள் என்பது அந்தக் கால பங்களாவின் இலக்கணம். பங்களா கைமாறும்போதும் ஹோம்ஸ்டே ஆகும்போதும் சுவர்க் கடிகாரம், வெள்ளிக் கரண்டி, சாய்வு நாற்காலியோடு வாளும் வெளியே வருகிறது. வந்ததும் அதற்கு இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முதலில் ஒரு கதை ஒட்டப்படுகிறது. அடுத்து பாலிஷ் போடப்படுகிறது. கதை பொய்யா என்று சொல்ல வேண்டிய சாட்சியை பாலிஷ் தீர்த்துக்கட்டிவிடுகிறது. என்ன அருமையான கூட்டணி!

கதைகளை முதலில் பார்க்கலாம். மலையில் கேட்கக்கூடிய கதைகள் பெரும்பாலும் மூன்றே ரகம். "இது திப்பு காலத்து வாள்." "இது ஊட்டி ஹன்ட்டில் துரை இடுப்பில் கட்டிக்கொண்டு போன வாள்." "இது எஸ்டேட் துரைமார்களின் குதிரைப்படை வாள்."

திப்பு சுல்தான் இறந்தது 1799 மே 4. கைக்கு முன்னால் மூன்று கம்பிகள் வளைந்து வரும் காப்பு உள்ள வாள், பிரிட்டிஷ் லேசுக் குதிரைப்படையின் 1821ஆம் வருட மாதிரி. திப்பு போய் 22 வருடம் கழித்து வந்த மாதிரிக்கும் திப்புவுக்கும் என்ன சம்பந்தம்? ஊட்டி ஹன்ட்டோ வேட்டை நாய்களைக் கொண்டு நரி துரத்தியது. அதற்கு வாள் எதற்கு? எஸ்டேட் துரைமார்கள் சேர்ந்திருந்த தொண்டர் படையின் பெயர் சதர்ன் பிராவின்சஸ் மவுண்டட் ரைஃபிள்ஸ். பெயரிலேயே ரைஃபிள் இருக்கிறது. குதிரையில் போய் இறங்கித் துப்பாக்கியால் சுடுவதுதான் அந்த மாதிரிப் படைகளின் வேலை. 1947ல் அது கலைக்கப்பட்டது. அதன் அதிகாரி ஒருவர் சடங்கு நாட்களில் வாள் கட்டியிருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் சுவரில் தொங்குகிற ஒவ்வொரு வாளும் குதிரை மேல் போன வாள் ஆகிவிடாது. வெலிங்டனில் இன்று இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் காலாட்படை. குதிரைப்படை வாளும் காலாட்படை அதிகாரியின் வாளும் வேறு வேறு. இது தெரியாமலே எத்தனையோ பேரம் முடிந்துபோகிறது.

இந்தக் கதைகளில் எது உண்மை என்று யாரைக் கேட்பது? கடைக்காரரைக் கேட்க முடியாது, அவர் விற்கிறவர். பங்களாக்காரரைக் கேட்க முடியாது, அவருக்கும் யாரோ சொன்னதுதான். வாளைத்தான் கேட்க வேண்டும். அது பேசும். தேய்க்காமல் விட்டால்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. வவுச்சர் இல்லாத என்ட்ரியை நம்பாதே. லெட்ஜர் எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் ஆடிட்டர் கேட்பது கசங்கிய பில்லைத்தான். பழைய வாளின் மேல் இருக்கும் குறிகள் அந்த வாளின் வவுச்சர்கள். கடைக்காரர் சொல்லும் கதை வெறும் என்ட்ரி. வவுச்சரைக் கிழித்துப் போட்டுவிட்டு லெட்ஜருக்குத் தங்க பைண்டிங் போடுகிறவரை ஆடிட்டர் என்ன சொல்வார்? மோசடி என்பார். வாளுக்கு அதையே செய்தால் மட்டும் "ரெஸ்டோரேஷன்" என்று மரியாதையான பெயர்!

அந்த வவுச்சர்கள் என்னென்ன?

முதலாவது, மாதிரி. 1796ல் ஜான் காஸ்பர்ட் லெ மார்ச்சன்ட் என்ற குதிரைப்படை அதிகாரி பர்மிங்ஹாம் வாள் தயாரிப்பாளர் ஹென்றி ஆஸ்போர்னோடு சேர்ந்து வடிவமைத்த வளைந்த வாள், லேசுக் குதிரைப்படைக்கு. அதே வருடம் கனரகக் குதிரைப்படைக்கு நேரான வாள். பிறகு 1821, 1853, 1864, 1882, 1885, 1890, 1899 என்று மாதிரிகள் மாறிக்கொண்டே வந்தன. கடைசியாக 1908 மாதிரி வந்தது. சுமார் 35 அங்குல நேர் அலகு, வெட்டுவதற்கு அல்ல, குத்துவதற்கு. இந்தியப் படைகளுக்கு இதிலேயே பிடியைச் சின்னதாக்கித் தனி ரகம் செய்தார்கள்.

இரண்டாவது, சோதனைக் குறிகள். சிப்பாய்க்குக் கொடுத்த வாளின் அலகில் பிடிக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக முத்திரைகள் இருக்கும். கிரீடம், அதன் கீழ் ஓர் எழுத்து, ஓர் எண். எழுத்து பி என்றால் பர்மிங்ஹாம், ஈ என்றால் என்ஃபீல்டு, எஸ் என்றால் ஜெர்மனியின் சோலிங்கன். எக்ஸ் மாதிரி பெருக்கல் குறி இருந்தால் அந்த அலகு வளைத்துப் பார்க்கும் சோதனையில் தேறியிருக்கிறது. அம்புக்குறியும் அதன் கீழே ஐ என்ற எழுத்தும் இருந்தால் அது இந்திய அரசின் சொத்தாக இருந்தது. கைக்காப்பில் ரெஜிமென்டின் பெயரும் வாளின் வரிசை எண்ணும் இருக்கலாம். உறையிலும் அதே எண் இருந்தால் இரண்டும் பிரியாமல் வந்த ஜோடி.

மூன்றாவது, அதிகாரிகளின் வாள். இதை அதிகாரியே சொந்தக் காசில் வாங்குவார். லண்டன் வில்கின்சன் கம்பெனி 1854லிருந்து தன் வாள்களுக்கு வரிசை எண் போட்டது. எண் அலகின் முதுகில், பிடிக்கு அருகே இருக்கும். கம்பெனி 2005ல் வாள் தயாரிப்பதை நிறுத்திவிட்டாலும் அதன் பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணைக் கொண்டு அந்த வாள் எந்த வருடம் விற்கப்பட்டது, பல சமயம் யாருக்கு விற்கப்பட்டது என்பது வரை கண்டுபிடிக்கலாம். ஐந்தே இலக்கம். ஒரு மனிதனின் பெயர் அதற்குள் இருக்கிறது. அலகின் இரு பக்கத்திலும் அமிலத்தால் அரித்து வரைந்த அரசு முத்திரை, கொடி, ரெஜிமென்ட் பெயர் எல்லாம் இருக்கும். அந்த வரைவு எவ்வளவு ஆழம்? பல வாள்களில் விரலால் தடவினால்கூடத் தெரியாது.

இப்போது பஃபிங் வீல் வருகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற சக்கரம் ஊர்ந்தால்? முதலில் போவது அமில வரைவு. அடுத்து முத்திரையின் ஓரங்கள் மழுங்கி, கிரீடம் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். அடுத்து அலகின் நடுவே ஓடும் பள்ளத்தின் விளிம்புகள். ஒரிஜினலில் கோடு போட்ட மாதிரி கூர்மையாக இருக்கும் விளிம்பு, தேய்த்த வாளில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். சிலர் இதற்கும் மேலே போய் குரோம் முலாம் பூசிவிடுகிறார்கள். குரோம் முலாம் வணிக ரீதியாக வந்ததே 1920களில். விக்டோரியா காலத்து வாளில் குரோம் மின்னினால் அதைப் பார்த்து ரசிக்கக் கூடாது. அதற்கு அடியில் என்ன போயிற்று என்று கேட்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம், கூர். சமாதான காலத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை வாள்கள் பொதுவாக மொட்டையாகவே இருக்கும். போருக்குக் கிளம்பும் உத்தரவு வந்தால்தான் சாணை பிடிப்பார்கள். ஆகவே ஒரு வாளில் பழைய சாணைக் கோடுகள் சீராக ஓடினால், அது போருக்குத் தயாரான வாள் என்பதற்கு அது ஒரு தடயம். அந்தக் கோடுகளை "கீறல்" என்று நினைத்து உப்புத்தாளால் எடுத்துவிட்டு, "பாருங்க சார், ஒரு கீறல் இல்ல" என்று காட்டுவதை என்னவென்று சொல்வது? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்கூடப் பரவாயில்லை, இது கையில் இருந்த பிள்ளையாரைக் குரங்காக்குவது.

"அப்போ துரு தின்னட்டும்னு விட்டுடணுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடக் கூடாது. ஆனால் துரு எல்லாம் ஒன்றல்ல. கறுப்பாக அல்லது அடர்ந்த பழுப்பாக, தொட்டால் வழவழவென்று இரும்போடு ஒட்டிக் கிடப்பது அடங்கிய துரு. அது வயது. அதைத் தொட வேண்டியதில்லை. செம்மண் நிறத்தில், வெள்ளைத் துணியால் துடைத்தால் பொடி ஒட்டிக்கொண்டு வருவது உயிரோடு இருக்கும் துரு. அதைத்தான் நிறுத்த வேண்டும். அதற்கும் சக்கரம் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் தடவி ஊற வைத்து, மூங்கில் குச்சியாலோ, இரும்பைவிட மெதுவான பித்தளைத் துண்டாலோ அந்த இடத்தில் மட்டும் மெல்லச் சுரண்டலாம். நேரம் ஆகும். ஆகட்டுமே! அந்த வாளுக்கு ஒன்றும் அவசரமில்லை, நூறு வருடமாகக் காத்திருக்கிறது.

மலைக்கு மலையின் சிக்கல்கள் உண்டு. தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு, நடுவில் பனிமூட்டமும் உண்டு. தோல் உறைக்குள் வாளைச் செருகி வைத்தால் உறை ஈரத்தை உறிஞ்சி வாளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெளியில் அழகாகத் தெரியும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். தோல் உறையையும் வாளையும் தனித்தனியாக வைப்பதுதான் புத்தி. தேங்காய் எண்ணெய் பூசுவது இன்னொரு தப்பு. ஊட்டிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும். வாள் மேல் அது காலப்போக்கில் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி நல்லது. வாளின் பித்தளைக் காப்புக்கு அல்ல, புளி ஒரு அமிலம், இடுக்கில் போய்த் தங்கிவிடும். ஆயுத பூஜைக்கு வாளுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள் தாராளமாக வைக்கலாம், ஆனால் மறுநாளே துடைத்து எடுத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும். சாமி கோபித்துக்கொள்ளாது. ஈரக் குங்குமம் அடுத்த பூஜை வரை இருந்தால் வாள்தான் கோபித்துக்கொள்ளும்.

அடுத்த வாதம் வியாபாரத்துடையது. "கஸ்டமர் பளபளப்பைத்தானே கேட்கிறார்?" ஆமாம், கேட்கிறார். பளபளப்புதான் நல்ல கண்டிஷன் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? விவரம் தெரிந்த சேகரிப்பாளர் பஃப் செய்த வாளைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேட்பார், அல்லது நடையைக் கட்டுவார். பாலிஷ் செலவைப் போட்டுச் சொத்தின் மதிப்பைக் குறைத்துக்கொள்வதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தலைப்பு கிடையாது. 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் திப்புவின் படுக்கையறை வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. அது எஃகின் எடைக்கு வந்த விலையா? இல்லை. அலகில் பொறித்திருந்த எழுத்துக்கும், ஜெனரல் பேர்டுக்கு அது கொடுக்கப்பட்டது என்று தொடர்ச்சியாக இருந்த ஆதாரத்துக்கும் வந்த விலை. அந்த எழுத்தை யாராவது ஒரு புண்ணியவான் "க்ளீன்" பண்ணியிருந்தால்?

வேடிக்கையில் வேடிக்கை, சந்தையின் மறு ஓரத்தில் நேர் எதிர் வேலை நடக்கிறது. டேராடூன் போன்ற ஊர்களில் பழைய மாதிரி வாள்களைப் புதிதாகச் செய்வது ஒரு தொழில். நாடகத்துக்கும் அலங்காரத்துக்கும் செய்கிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் இடைத்தரகர் கையில் போனதும் சிலவற்றுக்கு அமிலக் குளியல் நடக்கிறது. ஒரே வாரத்தில் இருநூறு வயது! ஆக, அசலைத் தேய்த்துப் புதுசாக்குகிறார்கள், புதுசை அரித்துப் பழசாக்குகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. பிரித்துச் சொல்ல மிச்சம் இருப்பது அலகின் முதுகு. அசல் 1796 வாளில் முதுகு பிடிக்குப் பக்கத்தில் தடித்து, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அதனால் எடை ஒரு கிலோவுக்கு உள்ளேயே அடங்கி, கையில் துள்ளும். மலிவான நகல் அடி முதல் நுனி வரை ஒரே தடிமனில் இரும்புப் பட்டை மாதிரி கனக்கும். ஆனால் அசலையே தேய்த்து மெலிய வைத்துவிட்டால் இந்தச் சோதனையும் சந்தேகத்தில் போய் நிற்கும்.

கடைசி வாதம்தான் சூடானது. "வெள்ளைக்காரன் வாள்தானே? தேய்ந்தால் தேயட்டுமே. நம்மை வெட்டிய வாளுக்கு எண்ணெய் வேறா?"

கோபம் புரிகிறது. 1806 ஜூலை 10ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி அழைத்து வந்தது 19ஆம் லேசு டிராகூன் குதிரைப்படையை. அன்று அந்த வகைப் படையின் மாதிரி 1796 வாள். கோட்டைக்குள் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் அந்த வாள் கொலைக்கான தடயம். தடயத்தைக் கழுவித் துடைத்து வைக்க ஆசைப்படுவது யார்? வழக்கமாகக் குற்றம் செய்தவன். பாதிக்கப்பட்டவன் அதை அப்படியே வைக்கத்தான் சொல்வான். வாளைப் பாதுகாப்பது வணங்குவது ஆகாது. பளபளவென்று தேய்த்து, வெல்வெட் துணியில் கிடத்தி, துரை பெருமை பேசுவதுதான் வணங்குவது.

இன்னொன்று. வெள்ளைக்காரன் வாள், நம் வாள் என்று கத்தரித்த மாதிரி பிரிக்கவும் முடியாது. மதராஸ் மாகாணத்தில் 15ஆம் ஹுசார் படையில் இருந்த கேப்டன் நோலன், பிறகு 1854ல் பாலக்லாவாவில் இறந்தவர், 1853ல் குதிரைப்படை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நிஜாமின் குதிரை வீரர்களின் வாள்கள் பயங்கரமாக வெட்டுவதைக் கேள்விப்பட்டு விசாரித்ததை அதில் சொல்கிறார். அலகுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் படை கழித்துக்கட்டிய பழைய அலகுகள்! நம் ஆட்கள் அவற்றுக்குத் தங்கள் பிடியைப் போட்டு, சவரக்கத்தி மாதிரி தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். இரும்பு உறையில் உரசி உரசித் துரைமார்களின் வாள் மழுங்கியது, இவர்களுடையது மழுங்கவில்லை. பராமரிப்பு என்பதை அந்தப் பெயர் தெரியாத சிப்பாய்கள் இங்கிலாந்துக்கே பாடமாக நடத்தியிருக்கிறார்கள். இப்படி இந்தியப் பிடி போட்ட ஆங்கில அலகு இன்று ஒரு கடைக்கு வந்தால் என்ன ஆகும்? "பிடி மாறியிருக்கு, டூப்ளிகேட்" என்று கழற்றி வேறு பித்தளைப் பிடி மாட்டுவார்கள். அந்தச் சிப்பாயின் ஒரே சாட்சியும் போச்சு.

தஞ்சாவூரை மறக்க வேண்டாம். மராட்டிய அரச வம்சம் 1855ல் முடிந்த பிறகு, 1860களில் அரண்மனை ஆயுதசாலையைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பொறுக்கி எடுத்த கொஞ்சம் மியூசியத்துக்குப் போனது, இன்றும் எழும்பூரில் பார்க்கலாம். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக எடை போட்டு விற்றார்கள். வரலாற்றை இரும்பாகப் பார்த்த புத்தி அது. அதைத் திட்டுகிறவர்கள் கையில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அதே வேலையைச் சில்லறையாகச் செய்யலாமா?

சட்டம் கொஞ்ச தூரம்தான் கூட வரும். 1972ஆம் வருடப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டியது பழம்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, அதில் வியாபாரம் செய்ய லைசன்ஸ் வேண்டும். முதல் உலகப் போருக்குச் செய்த 1908 மாதிரி வாள்களும் இன்று இந்தக் கணக்கில் வந்துவிட்டன. ஆயுதச் சட்டம் 1959 வேறு இருக்கிறது, வாளும் அதில் ஆயுதம்தான். வாங்கும் முன் காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆனால் எல்லை தாண்டுவதைத் தடுக்கிற சட்டம், பட்டறைச் சக்கரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே தடுக்க வேண்டியவர் வாங்குகிறவர்.

ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி "இன்னும் கொஞ்சம் பாலிஷ் போட்டுத் தருவீர்களா?" என்பதல்ல. முத்திரை படிக்க முடிகிறதா? முதுகில் எண் இருக்கிறதா? பள்ளத்தின் விளிம்பு கூராக இருக்கிறதா? நுனி ஒரிஜினலா, உடைந்து மறுபடி தீட்டியதா? பிடியின் தோலும் கம்பியும் பழையவையா? அலகு பிடியில் ஆடுகிறதா? உறை எண்ணும் வாள் எண்ணும் ஒன்றா? இதுவரை இதற்கு என்னென்ன செய்தீர்கள், பில்லில் எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற கடையில் வாள் வாங்காமல் வர்க்கி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

கறுத்துக் கிடக்கிற, நுனியில் ஒரு பல் உடைந்த, ஆனால் முத்திரையெல்லாம் படிக்க முடிகிற வாள்தான் நல்ல கண்டிஷனில் உள்ள வாள். எதிரில் கண்ணைப் பறிக்கும் வெள்ளியாக மின்னுகிற, ஒரு எழுத்துகூட மிச்சமில்லாத வாள், வெறும் மூன்றடி இரும்பு. அதற்குச் சரியான விலையும் உண்டு. கிலோ கணக்கில், பழைய இரும்புக் கடையில்.